மணல் கூட்டத்தில் நான் ஏற்றிய விளக்கு

எரியும் மெழுகுதிரியை ஒருவர் உங்கள் கையில் தந்து, மண்டபம் முழுவதும் எழுந்து நிற்க, "ஏத்துங்கோ" என்று சொன்னால், மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? கொழும்பிலிருந்து திரும்பி வந்து உடுப்புகளைத் தோய்த்து மடித்து அலுமாரியிலும் வைத்தாயிற்று. இந்தக் கேள்விக்கு மட்டும் எனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை.

நான் சுவிற்சர்லாந்தில், பேர்ண் நகருக்கு வெளியே ஒரு சிறிய ஊரில் இருக்கிறேன். ஆரணி என்று நான்கு வயதில் ஒரு மகள். கணவர் வைத்தியசாலைச் சமையலறையில் வேலை செய்கிறார். எனக்குச் சீதனமாக வந்த காணி வடமராட்சி கிழக்கில், கடலோரத்தில் கிடக்கிறது. காணி என்பதைவிட, கடற்காற்று குவித்த மணல் கும்பி என்பதே பொருத்தம். அம்மா அதை என் பெயருக்கு எழுதியபோது, ஆடு கட்டவும் உதவாத காணி என்று சொந்தக்காரர் சிரித்தார்கள். இப்போது அந்த மணலுக்குக் கிராக்கி வந்துவிட்டது. ஒரு கம்பனி அந்தப் பக்கத்துக் கும்பிகளை வெட்டி, கட்டட வேலைகளுக்கு ஏற்றப் போகிறதாம். அதற்குக் காணிக்காரரின் சம்மதம் தேவையாம்.

கும்பிக்குப் பின்னால் குடியிருப்பவள் என் மச்சாள் சுகந்தி, மாமாவின் மகள். அந்த ஊரில் மழைநீரைப் பிடித்து வைத்திருப்பது கும்பிதான். அதை வெட்டினால் கடல் உள்ளே வந்து கிணறுகள் உவர்த்துவிடும் என்பது அவர்களுடைய பயம். பக்கத்து ஊரில் அப்படி உவர்த்த கிணறுகளை அவள் எனக்குப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். என் துண்டு வீதிக்கும் மற்றக் கும்பிகளுக்கும் நடுவே கிடக்கிறது. லொறி உள்ளே போக வேறு பாதை இல்லை.

"நீ வேண்டாமெண்டால் அவங்கள் அங்கால போகேலாது," என்றாள் சுகந்தி. "மகனுக்குப் பள்ளிக்கூடத்தில சோதினை, நான் வரேலாது. நீ வந்து ஒருக்கா வாய் திறந்து சொல்லிப்போட்டுப் போ. அது காணும்."

மணல் இருப்பது வடக்கில். அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்கள் வடக்கில். கம்பனி காணிக்காரரைக் கூப்பிட்டு வைக்கும் கலந்துரையாடல் மட்டும் கொழும்பில், காலி வீதி ஹோட்டல் ஒன்றில். காரணம் கேட்டபோது, காணிக்காரர் பெரும்பாலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வெளிநாட்டிலும்தான் இருக்கிறார்கள் என்றார்கள். மறுத்துப் பேச முடியவில்லை. நானே அதற்கு ஓர் உதாரணம்.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், வீட்டோடு சேர்ந்த அனெக்ஸ் ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். முதல் நாள் காலையிலேயே பிள்ளையின் தள்ளுவண்டிலைக் கொண்டுவந்தது எவ்வளவு பெரிய மடைத்தனம் என்று விளங்கிவிட்டது. நடைபாதை ஐந்து அடிக்கு ஒருமுறை முடிந்து, பிறகு வேறு உயரத்தில் தொடங்குகிறது. நடுவில் மின்கம்பம், வாழைப்பழக் கடை, மோட்டார் சைக்கிள். எந்தப் பக்கம் பார்த்தாலும் புதிதாக மாடிவீடு எழும்புகிறது. ஒழுங்கை முனையில் அப்படி ஒரு கட்டடத்துக்காக நடைபாதை முழுவதும் மணலைக் கொட்டியிருந்தார்கள். ஆரணி வண்டிலை விட்டு இறங்கி, மணலுக்குள் சப்பாத்தோடு உட்கார்ந்து, கை நிறைய அள்ளத் தொடங்கினாள். கொழும்பில் அவளுக்குப் பிடித்த முதல் இடம் அதுதான்.

காவலாளி ஓடிவந்து சிங்களத்தில் அதட்டினார். என் சிங்களம் கடைக்கும் காணாது. அரைகுறையாக மன்னிப்புக் கேட்டுவிட்டு, இந்த மணல் எங்கிருந்து வருகிறது என்று விசாரித்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"லொறியிலயிருந்து," என்றார்.

அவர் சொன்னதிலும் பிழையில்லை. அதற்கு அப்பால் அந்த ஒழுங்கையில் யாருக்கும் தெரிந்திருக்கத் தேவையில்லை. எனக்கும் என் காணிப் பெயர் அடிபடும்வரை தெரிந்திருக்கவில்லை. சுவிசில் நாங்கள் இருக்கும் வீட்டின் சுவருக்கு மணல் எங்கிருந்து வந்தது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

பிள்ளை சாப்பாடு எதையும் தொடவில்லை. இடியப்பம் நூடில்ஸ் மாதிரி என்று சொல்லிப் பார்த்தேன். சொதியில் மிளகாய் மிதப்பதைக் கண்டுபிடித்துவிட்டாள். கடைசியில் பேக்கரியில் சீனி தூவிய பணிஸ் ஒன்றை முழுதாகத் தின்றாள். பிறகு நாங்கள் அங்கே நின்ற நாளெல்லாம் பணிஸ்தான். நான் உறைப்புக் கறியை அள்ளி அள்ளித் தின்றுவிட்டு, பிள்ளைக்கு ஒழுங்கான சாப்பாடு கொடுக்காத தாய் என்று என்னை நானே ஏசிக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் கொட்டாஞ்சேனையில் சித்தப்பா வீட்டுக்குப் போக வேண்டும். அப்பாவின் தம்பி. கட்டடச் சாமான் கடை வைத்திருக்கிறார். கும்பியில் அவருக்கும் ஒரு துண்டு உண்டு. கடலோர ரயிலில் போனால் பிள்ளைக்குக் குளிர்ச்சியாக இருக்கும் என்று நினைத்தேன். கோட்டையில் இறங்க வேண்டும். வண்டில், பை, பிள்ளை எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிப்பதற்குள் ஏறுகிற சனம் எங்களை உள்ளே தள்ளிவிட்டது. எங்களோடு வாசலில் மாட்டிக்கொண்ட ஒரு சிங்களப் பெண், என் பதற்றத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னாள். அவர் தமிழர். சிரித்துக்கொண்டே எனக்கு மொழிபெயர்த்தார். "பிள்ளையை மட்டும் பிடிச்சுக்கொண்டு வண்டிலை விட்டிருக்கலாமாம்."

கோட்டையைத் தவறவிட்டு, மருதானையில் இறங்கினோம். அங்கிருந்து ஓட்டோ. சாரதி கிராண்ட்பாஸ் பக்கமாகக் குறுக்கு வழி தெரியும் என்று சொல்லி, ஒரு சந்தில் மீன் லொறிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார். "நங்கி, இந்த லொறி இண்டைக்குப் போகாது," என்று, தங்கச்சி என்பதை மட்டும் சிங்களத்தில் சொல்லி அறிவித்துவிட்டு எஞ்சினை நிறுத்தி, வெற்றிலை போடத் தொடங்கினார். கடைசிப் பகுதியை நடந்தோம். வண்டிலை நான் தூக்கிக்கொண்டேன். ஆரணி அதில் ஏற மறுத்து, மகாராணி போல முன்னால் நடந்தாள்.

சித்தி கணவாய்க் கறியும் புட்டும் வைத்திருந்தா. ஆரணிக்கென்று தனியாக முட்டை பொரித்தா. அதையும் அவள் தொடவில்லை. சித்தப்பா கடையைப் பெடியனிடம் விட்டுவிட்டு மேலே ஏறி வந்தார். நான் கூட்டத்தில் என்ன பேசப் போகிறேன் என்று சொன்னேன். அவர் புட்டைக் குழைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"மணல் வேண்டாம், மணல் வேண்டாம் எண்டால் சனம் எதில வீடு கட்டுறது? நீ சுவிசில இருக்கிற வீடு பஞ்சில கட்டினதோ?"

"வேண்டாமெண்டு சொல்லேல்ல, சித்தப்பா. அங்க இருக்கிற ஆக்களைக் கேட்டிட்டு, எவ்வளவு ஆழம் வெட்டலாம், கிணத்துக்கு என்ன செய்யிறது எண்டு முதல்ல..."

"அதுக்குத்தானே கூட்டம் வைக்கிறாங்கள். வந்து கதை. ஆர் வேண்டாமெண்டது? நான் உன்ர பேரைக் குடுத்திருக்கிறன்."

சித்தி இடையில், "இவர் ஏற்கெனவே ஓமெண்டு சொல்லிப்போட்டார். உன்னட்ட மறைக்கிறார்," என்றா. சித்தப்பா, "நீ பிள்ளைக்குக் குழம்பை விடு," என்றார். என் பெயரை எதற்குக் கொடுத்திருக்கிறார் என்று அப்போது நான் கேட்டிருக்க வேண்டும். பேச்சாளர் பட்டியலுக்கு என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

எங்கள் சுவிஸ் ஊருக்குப் பக்கத்தில் ஒரு சரளைக்கல் குழி இருக்கிறது. அதைப் பெருப்பிக்க வேண்டும் என்று கம்பனி கேட்டபோது ஊர்க் கூட்டம் கூடியது. நானும் போயிருந்தேன். லொறி காலையில் எத்தனை மணிக்கு ஓடத் தொடங்கலாம், மதியம் ஓய்வு நேரத்தில் ஓடலாமா என்பதைப் பற்றியே நெடுநேரம் வாதாடினார்கள். ஒரு கிழவி தன் பூனையைப் பற்றி மட்டும் மூன்று தடவை எழுந்து பேசினாள். ஒருவரும் அவளை இருக்கச் சொல்லவில்லை. அலுப்பாக இருந்தது, கொட்டாவி வந்தது. கொழும்புக் கூட்டமும் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணி, கேள்விகளை எழுதி, கண்ணாடிக்கு முன்னால் நின்று சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

ஹோட்டல் மண்டபம் ஏசிக் குளிரில் விறைத்தது. பிள்ளையைச் சால்வையால் சுற்றினேன். முன்வரிசையில் சித்தப்பாவைப் போன்ற காணிக்காரர்கள், வேட்டி, பட்டுச் சேலை, கல்யாண வீடு மாதிரி. கடைசி வரிசையில் ஊரிலிருந்து வானில் வந்திருந்த சிலர், இரவு முழுவதும் பயணம் செய்த களைப்போடு. அவர்களுக்குள் ஒரு பெண் எனக்குக் கை காட்டினாள். றெஜினா. ஊர்ப் பாலர் பாடசாலை ஆசிரியை, மாதர் சங்கத்தில் சுகந்தியோடு இருப்பவள். முன்பு காணொளி அழைப்பில் பார்த்திருக்கிறேன்.

அறிவிப்பாளர் மங்கல விளக்கேற்றலுக்கு ஒவ்வொருவராக அழைத்தார். கம்பனிப் பெரியவர் ஒருவர் ஒரு திரி. அதிகாரி ஒருவர் ஒரு திரி. "கிராமத்துப் பெண்கள் சார்பாக" என்று றெஜினாவை அழைத்தார்கள். அவள் எழுந்து, பக்கத்தில் நின்ற ஆளின் காதில் ஏதோ சொன்னாள். அந்த ஆள் பின்வாங்கி, "பரவாயில்லை, பரவாயில்லை" என்று கையை ஆட்டினார். அவள் அப்படியே அமர்ந்துவிட்டாள்.

"அடுத்து, சுவிஸ் நாட்டிலிருந்து இதற்காகவே வருகை தந்திருக்கும் காணி உரிமையாளர்..."

என் பெயர். சித்தப்பா ஆரணியை வாங்கிக்கொண்டு, "போ பிள்ளை, எல்லாரும் பாக்கினம்," என்றார். சபை எழுந்து நின்றது. நாதஸ்வரத்தை ஒலிபெருக்கியில் போட்டிருந்தார்கள். யாரோ மெழுகுதிரியை நீட்டினார்கள். கால் தானாகச் செருப்பைக் கழற்றியது. மங்கலமான காரியத்தில் பின்வாங்கினால் எல்லோரும் முகம் சுளிப்பார்கள், பெற்றவர்களுக்கும் பேச்சு வரும் என்று சின்ன வயதிலிருந்து உடம்பில் ஊறிய ஏதோ ஒன்று என்னை நடத்திக்கொண்டு போனது. விளக்கு ஒரு மரியாதை, பேச்சு வேறு, பிறகு பேசத்தானே போகிறேன் என்று மனம் நியாயம் சொன்னது. ஏற்றினேன். கமராவைக் கண்டால் சிரிக்கிற பழக்கம் எனக்கு. சிரித்தேன்.

அதன் பிறகு திரையில் படம் காட்டினார்கள். தமிழ் என்று போட்டிருந்த பக்கங்களில் எழுத்துகள் உடைந்து, கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகக் கிடந்தன. மொழிபெயர்ப்புக் கேட்கும் கருவி பாதிப் பேருக்கு வேலை செய்யவில்லை. கடைசி வரிசைக்குக் கருவியே போகவில்லை. ஆங்கிலத்தில் ஒருவர் வெகுநேரம் பேசினார். மரம் நடுவார்களாம், பாலர் பாடசாலைக்கு வர்ணம் பூசுவார்களாம். எவ்வளவு ஆழம் வெட்டுவார்கள் என்று எங்கேயும் வரவில்லை.

"இனிக் கேள்வி நேரம்," என்றார் அறிவிப்பாளர். "சாப்பாடு ஆயத்தம் என்பதால் சுருக்கமாக."

நான் தாளை எடுத்தேன். கையை உயர்த்தினேன். அந்த நேரம் பார்த்து ஆரணி என் சேலையை இழுத்தாள். "அம்மா, சூ வருது."

கொஞ்சம் பொறு என்றேன். அவள் முகத்தைப் பார்த்தேன். பொறுக்கும் முகம் இல்லை. சித்தப்பாவோடு போக மாட்டேன் என்றுவிட்டாள். கழிப்பறை மண்டபத்துக்கு வெளியே, படியிறங்கி, இன்னொரு கல்யாண வீட்டுக் கூட்டத்தைத் தாண்டி. குளிரில் விறைத்த பிள்ளைக்கு எல்லாம் மெதுவாக நடந்தது. திரும்பி ஓடி வந்தபோது சனம் பிளேட்டோடு வரிசையில் நின்றது. ஒலிவாங்கியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் நான் செய்த ஒரே காரியம் விளக்கேற்றியதுதான்.

றெஜினா புரியாணிப் பிளேட்டோடு என்னிடம் வந்தாள்.

"சுவிஸ் அக்கா, வடிவா ஏத்தினீங்கள். ஒரு திரியும் அணையேல்ல."

"நீங்கள் என்னெண்டு தப்பினீங்கள்? அந்தாளின்ர காதில என்ன சொன்னனீங்கள்?"

"துடக்கு எண்டன்."

"நீங்கள் வேதக்காரர் எல்லோ. சேர்ச்சுக்குப் போற ஆக்களுக்கு என்ன துடக்கு?"

"அது உங்களுக்குத் தெரியும், அந்த ஐயாவுக்குத் தெரியுமே?" அவள் கோழிக்காலைக் கடித்தாள். "துடக்கெண்டு ஒரு பொம்பிளை சொன்னா, எந்த ஆம்பிளை திருப்பிக் கேப்பான்? போன முறை பிரதேச செயலகத்தில நாங்கள் பேசாமல் ஏத்திப்போட்டம். பிறகு அந்தப் படத்தைக் காட்டித்தான் 'சங்கம் ஆதரவு' எண்டவங்கள். அதுக்குப் பிறகு எங்கட ஊரில எல்லாருக்கும் எப்பவும் துடக்கு."

சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. மாதவிலக்கைத் துடக்கு என்பதெல்லாம் பெண்களை ஒதுக்கிவைக்கும் மூடப்பழக்கம் என்று பள்ளிக்கூட விவாதப் போட்டியில் நான் பரிசு வாங்கியிருக்கிறேன். அந்தச் சொல் என் வாயில் வந்தே இராது. இதை ஏன் முன்கூட்டி எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்கள் பேசத்தானே வந்தீர்கள், ஏற்றுவீர்கள் என்று ஆர் நினைத்தது என்றாள் அவள். சாப்பாட்டை மட்டும் ஏன் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்க நினைத்து அடக்கிக்கொண்டேன். என் முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும்.

"ராத்திரி முழுக்க வானில வந்தனாங்கள், அக்கா. சோத்துக்கு ஒருத்தரும் படம் பிடிக்கிறதில்லை."

மறுநாள் காலை சுகந்தியின் அழைப்பு வந்தபோது ஆரணிக்கு இலேசாகக் காய்ச்சல். ஒரு கையில் வெப்பமானி, மறு கையில் தொலைபேசி. கம்பனியின் முகநூல் பக்கத்தில் போட்டிருந்த படத்தை அவள் எனக்கு அனுப்பியிருந்தாள். நான், விளக்கு, சிரிப்பு. "காணி உரிமையாளர்களின் நல்லாசியுடன்" என்று கீழே எழுதியிருந்தது.

"நான் உன்னை ஏசக் கூப்பிடேல்ல," என்றாள் சுகந்தி. அப்படித் தொடங்கினால் ஏச்சைவிட மோசமாக ஏதோ வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். "காலமை உன்ர காணியில கட்டை அடிக்கிறாங்கள். ஆரைக் கேட்டு அடிக்கிறியள் எண்டன். காணிக்காரியே விளக்கேத்தினவ எண்டு போனில உன்ர படத்தைக் காட்டுறான். நான் என்னத்தைச் சொல்ல? பின்னுக்குச் சனம் முழுக்க நிக்குது. என்ர மச்சாள் வந்து எல்லாம் கதைப்பாள் எண்டு அவையளுக்குச் சொல்லி வைச்சதும் நான்தான்."

"நான் கதைக்கத்தான் போனனான், சுகந்தி. பிள்ளைக்கு..."

"தெரியும். றெஜினா சொன்னவள். பிள்ளைக்கு அவசரமெண்டால் என்ன செய்யிறது. ஆனா இஞ்ச கிணத்துக்கும் அவசரம்."

பனடோல் சிரப்பைக் கொடுத்து, காய்ச்சல் இறங்கும்வரை காத்திருந்து, பொரளைப் பக்கம் இருந்த கம்பனி அலுவலகத்துக்குப் போனேன். காய்ச்சல்காரப் பிள்ளையை வெயிலில் இழுத்துக்கொண்டு போவது சரியா என்று ஓட்டோவில் ஏறும்போதும் இறங்கும்போதும் யோசித்தேன். விட்டுவிட்டுப் போக எனக்கு அங்கே ஆள் இல்லை. கனத்தை மயானத்தைத் தாண்டும்போது அவள் என் மடியில் நித்திரையாகிவிட்டாள்.

சமூகத் தொடர்பு அதிகாரி என்று ஒரு தமிழ் இளைஞர் வந்தார். கழுத்துப்பட்டி, நல்ல வாசனை, மிகுந்த பணிவு.

"அக்கா, நீங்க டென்ஷனாக வேணாம். நீங்க சம்மதிச்சீங்கன்னு நாங்க எங்கேயும் போடல. நல்லாசின்னுதான் போட்டிருக்கோம்."

"நான் ஆசியும் குடுக்கேல்ல."

"ஆனா விளக்கு ஏத்தினீங்கதானே?"

"அந்தப் படத்தை எடுங்கோ. என்ர காணியில அடிச்ச கட்டையையும் பிடுங்கச் சொல்லுங்கோ."

"கட்டை சும்மா சர்வேக்கு, அக்கா. படம் மீடியா செக்ஷன். உங்களுக்கு எதிர்ப்பு இருந்தா எழுதித் தாங்க." சற்று யோசித்தார். "சீதனக் காணியா? அப்போ தேசவழமைப்படி உங்க ஹஸ்பண்டோட சம்மதமும் வேணும்."

இந்தச் சட்டம் எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் மனைவி தன் சீதனக் காணியை விற்கவோ எழுதிக்கொடுக்கவோ கணவன் ஒப்ப வேண்டும்.

"அது குடுக்கிறதுக்கு. நான் குடுக்க மாட்டன் எண்டு சொல்லத்தான் வந்திருக்கிறன். அதுக்கும் அவர் ஒப்ப வேணுமோ?"

அவர் உண்மையிலேயே குழம்பிவிட்டார். "இதுவரைக்கும் யாரும் அப்படிக் கேக்கல. லீகல்ல கேட்டுச் சொல்றேன்."

அங்கேயே மேசையில் வைத்து எழுதினேன். தமிழில் எழுதியதைப் பார்த்துவிட்டு, பெரியவருக்கு ஆங்கிலம்தான் என்றார். ஆங்கிலத்திலும் எழுதினேன். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை கேட்டேன். முத்திரை குத்துபவர் சாப்பிடப் போய்விட்டாராம். மடியில் பிள்ளையோடு இருந்தேன். அவர் சாப்பிட்டு, பல்லைக் குத்திக்கொண்டு வந்து, முத்திரையைக் குத்தும்வரை எழும்பவில்லை. அந்தப் பயணத்தில் நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அது காணுமா என்று கேட்டால் தெரியாது.

மாலையில் சித்தப்பா பிள்ளையைப் பார்க்க வெள்ளவத்தைக்கு வந்தார். கையில் பணிஸ் பை. என் கோபத்தை முழுவதும் அவர் மேல் கொட்டினேன்.

"உனக்கு மரியாதையா இருக்கட்டுமெண்டுதான் பேரைக் குடுத்தனான்," என்றார். "வேற ஆரையும் விட என்ர அண்ணன்ர பிள்ளை ஏத்தட்டும் எண்டு நினைச்சன். விருப்பமில்லையெண்டால் ஏன் ஏத்தினனீ?"

"நீங்கள்தானே போ எண்டனீங்கள்."

"நான் கிணத்துக்குள்ள குதி எண்டால் குதிப்பியோ?"

சொல்லிவிட்டு அவரும் சங்கடப்பட்டு, ஆரணியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். தன் துண்டுக்குக் கொடுத்த சம்மதத்தைத் திருப்பி வாங்குவீர்களா என்று கேட்டேன். "அதைப் பிறகு பாப்பம்," என்றார். அவர் கெட்டவர் இல்லை. மணலைக் கடையில் அளந்து விற்றுப் பிள்ளைகளைப் படிப்பித்தவர். அந்த ஊர்க் கிணற்றில் அவர் தண்ணீர் குடித்துப் பல காலம்.

அவர் போன பிறகுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. காணியைச் சுகந்தியின் பெயருக்கு நன்கொடையாக எழுதிக் கொடுத்துவிட்டால் என்ன? தண்ணீரைக் குடிப்பவளிடமே முடிவும் இருக்கட்டும். கணவரை அழைத்தேன். வேலை இடைவேளையில் இருந்தார். "உன்ர காணி, உன்ர விருப்பம். கையெழுத்து வேணுமெண்டால் சொல்லு," என்றார். நல்ல மனிதர். ஆனால் எனக்கு அந்த நேரம் விருப்பம் தேவைப்படவில்லை. யாராவது சண்டை பிடித்திருந்தால் உதவியாக இருந்திருக்கும். நாளைக்கு ஆரணி எனக்கு எங்கே காணி என்று கேட்டால் என்ன சொல்வது என்பதையும் நானே யோசித்து நானே பயந்தேன்.

சுகந்தியிடம் சொன்னபோது நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"என்ர தலையில கட்டாதை," என்றாள். "பக்கத்து ஊரில மணல் டிப்பரை மறிச்ச பெடியனைப் பொலிசுக்குக் கூப்பிட்டு ஒரு நாள் முழுக்க இருத்தி வைச்சவங்கள், தெரியுமோ? காணி என்ர பேரில வந்தால் அடுத்தது என்ர படலைதான். ராவில வந்து தட்டுவாங்கள். இவர் கடலுக்குப் போனால் வீட்டில நானும் பிள்ளையளும் மட்டும். உன்ர பேரில கிடந்தால் உன்னை என்ன செய்யேலும்? சுவிசுக்கு வந்து கல்லெறிவாங்களோ?"

"அப்ப நான் என்ன செய்யிறது?"

"வைச்சிரு. வைச்சிருந்து, வேண்டாமெண்டு வாயால சொல்லு. அவ்வளவுதானே உன்னட்டக் கேட்டது."

ஊருக்கு ஒருமுறை வந்து, சங்க மண்டபத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டுப் போகும்படி கேட்டாள். எட்டு மணிநேர பஸ். ஆரணிக்குக் காய்ச்சல் மறுபடி ஏறியது. வைத்தியர் பயணம் வேண்டாம் என்றார். விமானச் சீட்டு அந்த வார இறுதிக்கு. போகவில்லை. போயிருக்கலாமோ என்று விமானம் எழும்பும்போது யோசித்தேன். இப்போதும் யோசிக்கிறேன். என் காணியில் கட்டை அடிப்பது நின்றிருக்கிறதாம். அடித்த கட்டைகளைப் பிடுங்கவில்லையாம். படம் அப்படியே இருக்கிறது. முடிவெடுக்கும் அடுத்த கூட்டம் மாசியில், மறுபடியும் கொழும்பில்தானாம். கடிதத்தை மட்டும் அனுப்பினால் வாசிக்க மாட்டார்கள், ஆள் வரவேண்டும் என்கிறாள் றெஜினா.

என் பெயரில் காணி கிடந்தால் சுகந்தியின் படலைக்கு ஆபத்துக் குறைவு. ஆனால் அவளுடைய கிணறு, ஒரு விமானத்துக்கு அப்பால் பிள்ளைக் காய்ச்சலோடு இருக்கும் என் கையில் தொங்குகிறது. அவள் பெயருக்கு எழுதினால் முடிவு அவள் கையில் இருக்கும், அடியும் அவள் மேல் விழும். சங்கத்தின் பெயருக்கு எழுதலாமா, அப்படிச் சட்டத்தில் இடம் இருக்கிறதா? அடுத்த கூட்டத்தை ஊருக்குள்ளேயே வைக்கும்படி ஒரு காணிக்காரி வற்புறுத்த முடியுமா? எங்காவது யாராவது அப்படி வைக்கச் செய்திருக்கிறீர்களா? இதில் பட்டறிவு உள்ளவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். மாசிக்கு முன் வேண்டும். யோசித்து முடிவெடுங்கள் என்று மட்டும் எழுத வேண்டாம், நான் யோசிப்பதில் குறை வைக்கவில்லை. எழுதும்போது, நீங்கள் மணலை வைத்திருப்பவரா அல்லது அதன் கீழுள்ள தண்ணீரைக் குடிப்பவரா என்பதையும் ஒரு வரியில் குறிப்பிடுங்கள். குடிப்பவர்களின் பதில்களை முதலில் வாசிக்க விரும்புகிறேன்.